கயிறும் கண்ணாடியும்

கடலூரிலும் சிதம்பரத்திலும் கண்ணாடி முகப்புள்ள கடைகளும் விடுதிகளும் பெருகி வருகின்றன. அவற்றைத் துடைக்க ஒருவன் கயிற்றில் தொங்குகிறான். நாமோ அண்ணாந்து பார்த்துவிட்டு நடந்துவிடுகிறோம்.

இன்று அவன் தொங்கவேண்டிய கட்டாயம் குறைந்துவிட்டது. கார்பன் இழையாலான இலேசான கம்பு நான்கைந்து மாடி உயரம் நீள்கிறது. அதன் நுனித் தூரிகைக்குக் குழாய்வழியே உப்பு நீக்கிய நீர் ஏறுகிறது. கண்ணாடியில் வெண்புள்ளி விழுவது நீரில் கரைந்த உப்புகளால். அவை நீங்கிய நீர் துடைக்காமலே கறையின்றி உலரும். துபாயின் 828 மீட்டர் புர்ஜ் கலீஃபாவுக்கு இக்கம்பு எட்டாது. நம்மூர்க் கட்டடங்களுக்குப் பெரும்பாலும் எட்டும்.

“கயிறுதானே மலிவு? அவனும் சம்மதித்துத்தானே ஏறுகிறான்?” என்பார் உரிமையாளர். ஹிஜ்ரி 505இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள், ஷரீஅத் பாதுகாக்கும் ஐந்தை மார்க்கம், உயிர், அறிவு, சந்ததி, செல்வம் என வரிசைப்படுத்தினார்கள். ஐந்தாவதை மிச்சப்படுத்த இரண்டாவதைப் பணயம் வைப்பது எந்த நியாயம்? கூலி கொடுத்து நாம் பெறுவது உழைப்பின் பயனை, உயிரையன்று. உயிர் அல்லாஹ்வின் அமானத். பசியால் பிறந்த சம்மதம் அதை விற்கும் உரிமையை அவனுக்குத் தராது. வாங்கும் உரிமை நமக்கு ஏது?

ஆனால் கருவியை வாங்கிவிட்டு அவனை வீட்டுக்கு அனுப்புவதும் அநீதியே. கயிற்றைப் பிடித்த கையிலேயே கம்பைக் கொடுத்துப் பழக்குவோம். அதை நம் பள்ளிவாசல் கண்ணாடிகளிலிருந்தே தொடங்குவோமாக!