நின்ற மரம்

1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தில் ஒரு விநோதம் உண்டு. மண்ணில் வேரோடிய மரம் அசையாச் சொத்து. ஆனால் வெட்டுமரமாக நிற்பது அதில் சேராது. இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? 1958இல் சாந்தாபாய் வழக்கில் நீதிபதி விவியன் போஸ் விளக்கினார்: தொடர்ந்து வளர விடுவதாக இருந்தால் மரம், சீக்கிரம் வெட்டுவதாக இருந்தால் தடி. மரம் அங்குலம்கூட நகரவில்லை. நகர்ந்தது மனசு மட்டும்தான்.

இதே கேள்வியை நம்ம நெல்லைச் சீமைப் பனையிடமும் கேட்கலாம். செங்கல் சூளைக்கு விலை பேசி அட்வான்ஸ் கைமாறிய பிறகும் ஓலை சலசலக்கும், தூக்கணாங்குருவிக் கூடு ஆடும். ஆனால் விற்றவர் கண்ணுக்கு அது விறகு.

பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி கட்டாயம் என்று 2021 வேளாண் பட்ஜெட்டில் அரசு அறிவித்தது. நல்லதுதான். ஆனால் அனுமதிச் சீட்டு வெட்டுவதைத் தடுக்கும். மனசு மாறுவதைத் தடுக்காது. ஏற ஆள் இல்லாத பனை பதநீர் தராது. மகள் படிப்புச் செலவோ காத்திருக்காது. அந்த விவசாயியைப் பேராசைக்காரர் என்பது சுலபம்.

எண்ணம்தான் மரத்தைத் தடியாக்குகிறது என்றால், அந்த எண்ணம் அவருடையது மட்டும்தானா? சீனி கலந்த மலிவுக் கருப்பட்டியை வாங்கிக்கொண்டே 'பனையைக் காப்போம்' என்று ஸ்டேட்டஸ் வைக்கும் நமக்கும் அதில் பங்கு இருக்கிறது. சூளைக்காரர் விலை சொல்லும்முன் நாம் சொல்லியிருக்க வேண்டிய விலை ஒன்று இருந்தது.