முன் ஆசனம் பரிசா?

"புலமைப்பரிசில் பரீட்சையில் சித்தியடைந்தால் வேனில் முன் ஆசனம்" என்று பிள்ளைக்கு வாக்களிக்கும் வாப்பாமார் எங்களூரில் உண்டு. ஐந்தாந் தரத்துக்குக் கற்பிக்கும் எனக்கு இந்த வாக்குறுதி நெருடுகிறது. கெட்டித்தனத்துக்குக் கொடுக்கும் பரிசா அது?

ஆசனப்பட்டி வளர்ந்தோரின் உடலுக்கென அமைந்தது. ஏறத்தாழ 145 சென்ரிமீற்றர் உயரம் வராத பிள்ளைக்கு அது தோளில் படியாமல் கழுத்திலும், இடுப்பெலும்பில் படியாமல் வயிற்றிலும் அழுந்தும். மோதலின்போது கண்ணிமைக்குமுன் விரியும் காற்றுப்பை, பெரியவரின் நெஞ்சைத் தாங்கும்; சிறுவரின் தலையையும் கழுத்தையும் தாக்கும். அதனால்தான் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் 13 வயதுக்குக் குறைந்தோரைப் பின் ஆசனத்தில் இருத்தச் சொல்கின்றனர். ஐந்தாந் தரப் பிள்ளைக்கு வயது பத்துத்தான். பரீட்சைப் புள்ளிகள் எலும்பை வளர்ப்பதில்லை.

கொடுத்த வாக்கை மீறலாமா என்று கேட்கலாம். பிள்ளையின் உயிர் நம்மிடமுள்ள அமானிதம். அதை வைத்து வாக்களிக்கும் உரிமை நமக்கு முதலிலேயே இருக்கவில்லை. ஆனால், "நீ சின்னப் பிள்ளை" என்று தட்டிக்கழிப்பதும் நீதியன்று. பட்டியைப் பூட்டிக் காட்டி, "இது உனக்கு இன்னும் பொருந்தவில்லை" என்று சொன்னால் பிள்ளைக்கு விளங்கும். பரிசாக ஒரு கதைப் புத்தகம் கொடுப்போம். பின் ஆசனத்திலிருந்தும் அதை வாசிக்கலாம்.