நியாய விலை: சில குறிப்புகள்

'நியாயவிலைக் கடை' என்று அரசாங்கம் பெயர் வைத்தபோது, மற்றக் கடைகளில் இருப்பது என்ன விலை என்ற கேள்வியையும் சேர்த்தே எழுப்பிவிட்டது. விலைக்கு நியாயம் என்று ஒன்று உண்டா என்பது தாமஸ் அக்வினாஸ் காலத்திலேயே ஐரோப்பியப் பாதிரிமார்களைத் தொந்தரவு செய்த விஷயம். நம்மவர்களோ, பட்டினப்பாலை வணிகர்கள் மிகுதியாக வாங்கவுமில்லை, குறைத்துக் கொடுக்கவுமில்லை என்பதை மேடையில் சொல்லித் திருப்தியடைந்துவிடுகிறார்கள். பெருமை வேறு, சிந்தனை வேறு.

சிக்கலை வைத்து இதை யோசிக்கலாம். (சிங்காரவேலரின் நாகப்பட்டினத்துச் சிக்கல் அல்ல, ராமநாதபுரம் மாவட்டம், கடலாடி வட்டத்துச் சிக்கல்.) இங்கே ஒரு குடும்பத்துக்கு அரிசி பருப்பு வாங்க மூன்று வழிகள்: ரேஷன் கடை, தெருவிலுள்ள மளிகைக் கடை, பஸ் ஏறினால் ராமநாதபுரத்தில் சூப்பர் மார்க்கெட். கடைசியாகச் சொன்னதில்தான் தள்ளுபடி. பொட்டலங்களில் அதிகபட்ச சில்லறை விலையை அச்சிட வேண்டும் என்ற விதி 1990இல் வந்தது. இதற்கு மேல் விற்காதே என்பதற்காக அச்சிட்ட எண், எவ்வளவு குறைத்தேன் பார் என்று காட்டிக்கொள்ளும் அளவுகோலாக மாறிவிட்டது. மொத்தமாகக் கொள்முதல் செய்கிறவனால் குறைக்க முடிகிறது, அவ்வளவே. இதில் தர்மமும் இல்லை, அதர்மமும் இல்லை.

சூப்பர் மார்க்கெட்டைக் கண்டிக்கும் கட்டுரைகளில் தவறாமல் ஒரு அண்ணாச்சி வருவார். முகம் பார்த்துக் கடன் கொடுப்பவர், குழந்தைக்கு ஒரு மிட்டாய் சேர்த்துக் கொடுப்பவர். இந்தச் சித்திரம் பொய்யல்ல. ஆனால் வங்கிக் குமாஸ்தாவுக்குப் பற்று நோட்டைக் கண்டால் கணக்குப் பார்க்கத் தோன்றும். நோட்டில் வட்டி என்று ஒரு பத்தி கிடையாது. அது பருப்பின் விலையிலேயே கலந்திருக்கிறது. கடன் இருக்கும்வரை வேறு கடைக்குப் போக முடியாது. போனால் கேள்வி வரும். அதேசமயம், வாலிநோக்கம் பக்கத்து உப்பளங்களில் வேலை செய்கிறவர்களுக்கு ஐப்பசி கார்த்திகையில், மழையால் பாத்தி கரைந்து கூலி நின்றுபோகும் மாதங்களில், உலை கொதிப்பது இந்த நோட்டால்தான். எந்த வங்கியும் இரண்டு கிலோ துவரம்பருப்புக்குக் கடன் தராது. தள்ளுபடி விலை இன்றைக்கே கையில் பணம் இருப்பவனுக்கு மட்டும் உரியது. குறைந்த கூலிக்காரன் கூடுதல் விலை கொடுப்பதும், மாதச் சம்பளக்காரன் குறைந்த விலை கொடுப்பதும் இப்படித்தான் நடக்கிறது.

விசித்திரம் என்னவென்றால், கடன் கூடாது என்று சொன்னவர்கள் லாபக்காரர்கள் மட்டும் அல்ல. 1844இல் இங்கிலாந்தின் ராச்டேலில் கூட்டுறவுக் கடை திறந்த நெசவாளர்களும் பிற தொழிலாளர்களும், கடைக் கடன் தொழிலாளியை அடிமையாக்குகிறது என்று கண்டு ரொக்கத்துக்கே விற்றார்கள். 1904இல் பிறந்த திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவு சங்கத்துக்கு அவர்களே முன்மாதிரி. அவர்கள் சொன்னது சரிதான். ஆனால் கூலி வாராவாரம் வந்தால்தான் அந்தச் சரி செல்லுபடியாகும்.

இன்னொன்று உண்டு, நம் புலம்பல்காரர்கள் தொடத் தயங்கும் இடம் அது. முகம் தெரியும் என்பதில் சாதி தெரியும் என்பதும் அடக்கம். 1957இல் முதுகுளத்தூர்க் கலவரம் நடந்த பூமி இது. கிராமத்துக் கடையில் சாமானை எடுத்து முகர்ந்து பார்க்க எல்லோருக்கும் ஒரே உரிமை இருந்ததில்லை. காசைக் கையில் வாங்காமல் பலகையில் வைக்கச் சொன்ன கடைகளைப் பற்றிப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். 1916இல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ், வாங்குகிறவரே அலமாரியிலிருந்து எடுத்துக்கொள்ளும் கடையைத் தொடங்கினார். அவர் சமத்துவத்தை நினைக்கவில்லை, குமாஸ்தாக்களின் சம்பளத்தை மிச்சப்படுத்த நினைத்தார். (இனத்தான் என்ற முறையில் எனக்கு வருத்தமே.) ஆனாலும் எந்தத் தெருவிலிருந்து வருகிறாய் என்று கேட்காத ஒரு கடை அதனால் சாத்தியமாயிற்று. அங்கே கிடைக்கும் அலட்சியம் சிலருக்குச் சுதந்திரம். மனித உறவு போயிற்றே என்று வருந்துகிறவர், அந்த உறவில் தான் எந்தப் பக்கம் நின்றிருந்தார் என்பதையும் சொல்ல வேண்டும்.

ஆக, ஒரு கடை முகத்தைக் கேட்கிறது, மற்றது ரொக்கத்தைக் கேட்கிறது. இரண்டையும் கேட்காத கடை ஒன்று இருக்க முடியுமா என்பதுதான் நியாய விலை பற்றிய கேள்வி என்று நினைக்கிறேன். 1997இல் மத்திய அரசு ரேஷனை வறுமைக்கோட்டுக்கு மேல், கீழ் என்று பிரித்தபோது தமிழ்நாடு எல்லோருக்கும் என்றே வைத்துக்கொண்டது. 2008இல் ஒரு ரூபாயான அரிசி, 2011 ஜூன் முதல் இலவசமாயிற்று. இலவசம் என்பதைக் கேலி செய்பவர்கள் அதன் தொகையைப் பார்க்கிறார்கள். நான் பார்ப்பது வேறு: அரிசி அட்டைக்குத் தன் வறுமையை யாரும் நிரூபிக்க வேண்டியதில்லை. வேண்டாதவன் சர்க்கரை அட்டை வாங்கிக்கொண்டு ஒதுங்கிக்கொள்ளலாம். ஒதுங்குகிறவர்கள் பெரும்பாலும் என் போன்ற சம்பளக்காரர்கள். அரிசியில் கல்லிருந்தால் கேட்க அந்த வரிசையில் சத்தமாகப் பேசத் தெரிந்தவர்கள் மிஞ்சுவதில்லை.

2017இல் ஸ்மார்ட் கார்டு வந்தது. பிறகு கைரேகைக் கருவி. உப்பிலும் கருவேலங்கரியிலும் வேலை செய்த விரலில் ரேகை தேய்ந்துவிடுகிறது. சேலைத் தலைப்பில் துடைத்துவிட்டு இன்னொரு விரலை வைக்கிறார்கள், பிறகு மற்றக் கையை. பின்னால் வரிசை காத்திருக்கிறது.