முதுமையில் ஊழியம் இழிவாகுமா?

சொந்தத் தொழில் நடத்தியவர், அது தளர்ந்தபின் பிறரிடம் ஊதியத்திற்குச் செல்வதை நம்மில் பலர் வீழ்ச்சியாகவே கருதுகின்றனர். இக்கருத்து முறையானதுதானா என்பதைச் சற்றே சிந்திப்போம்.

திருவிதாங்கூரின் நெற்களஞ்சியம் எனப் புகழ்பெற்றிருந்த நாஞ்சில் நாட்டில் இன்று வயல்கள் பல வீட்டுமனைகளாகவும் தோப்புகளாகவும் மாறிவிட்டன. நெல்லை நம்பிய தொழில்களும் உடன் தளர்ந்தன. இளமையில் கணக்கராயிருந்து, பின் சிறு அரிசி ஆலை கண்டு, ஐம்பத்தைந்தாம் வயதில் அதனை மூடும் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். மீண்டும் கணக்கெழுத அமர அவர் அஞ்சுவது உழைப்பிற்காக அன்று. கோட்டாற்றுக் கடைத்தெருவில் எதிர்ப்படுவோரின் பார்வைக்காகவே. அவ்வச்சத்தால் மேலும் கடன் வாங்கி ஆலையை ஓட்டுகிறார். மூழ்குவது அவர் பொருள் மட்டுமன்று. நம்பிக் கொடுத்தவர் பொருளும் ஆகும்.

இங்கேதான் அறத்தின் கேள்வி எழுகிறது. தொழில் ஒருமுறை தளர்ந்தவுடன் கைவிடவேண்டும் என்று நாம் கூறவில்லை. தன் பொருளைக்கொண்டு மீண்டும் முயல்வது ஊக்கம். திருப்பித்தர வழியில்லை என்றறிந்தும் பிறர் பொருளைத் தன் பெருமைக்குக் காவலாக்குவது கள்ளாமை விரதத்திற்கு ஊறு செய்வதாகும். எண்வகை மதங்களுள் செல்வச் செருக்கும் ஒன்றென நம் முன்னோர் வகுத்தனர். செல்வம் போனபின்னும் அச்செருக்கு மட்டும் எஞ்சிநிற்பது எத்துணைக் கொடுமை!

வ.உ.சிதம்பரனாரின் வாழ்வை நோக்குவோம். 1906இல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கினார், 1908இல் சிறைப்பட்டார், 1912இல் வெளிவந்தபோது நிறுவனமும் இல்லை, வழக்கறிஞர் உரிமமும் இல்லை. கப்பல் விட்ட அப்பெருமகனார் சென்னையில் சிறு கடை வைத்தார். ஐம்பதை நெருங்கும் வயதில் கோவையில் வங்கிப் பணி ஏற்றார். பின்னர் நீதிபதி வாலஸ் உதவியால் உரிமத்தை மீளப்பெற்றுக் கோவில்பட்டியில் வழக்காடினார். நன்றி மறவாது தம் மகனுக்கு வாலேசுவரன் எனப் பெயரிட்டார். அவர் தொழிலை வீழ்த்தியது அந்நிய ஆட்சி. நம்மவர் தொழிலை வீழ்த்துவது சந்தை. காரணம் வேறாயினும், வீழ்ச்சியைத் தாங்கும் முறை ஒன்றே. வங்கியில் அமர்ந்ததால் அவர் புகழ் அணுவளவும் குறையவில்லை.

கடமை ஒருவருக்கு மட்டும் உரியதன்று. "முதலாளியாயிருந்தவர் இப்படி ஆனாரே" என்று இரங்குவது போல் பேசும் சொல்லே பலரை மேலும் கடனில் தள்ளுகிறது. அச்சொல்லை நாம் தவிர்ப்போம். வேலை தரும் நிலையில் உள்ளோர் வயதைக் குறையெனக் கருதாது, அனுபவத்தை மதித்து அழைப்போமாக. தந்தையின் புதிய பணியைப் பிள்ளைகள் மறைக்காமல் கூறுவாராக.

சிதறால் மலைக்கு நாம் யாத்திரை செல்கிறோம். அங்கே நாம் வணங்குவது எதனையும் தமதெனக் கொள்ளாத பெரியோரை. மலையிலிருந்து இறங்கியதும் ஒருவரின் மதிப்பை அவர் கடைப்பலகையைக் கொண்டு அளப்போமாயின், நாம் வணங்கியதன் பயன் யாது?