வாயுள்ள பிள்ளை பிழைக்கும்!

மும்பை மாட்டுங்காவில் வளரும் தம்பியே, தங்கையே! லிஸ்பனில் அறை போட்டாய். விசா தள்ளிப்போனது. புக்கிங்கை ரத்து செய்ய வேண்டும். போன் போட்டால் மறுமுனையில் போர்ச்சுகீஸ். உனக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிறது. "போனால் போகட்டும்" என்று லைனைத் துண்டிக்கிறாய். துண்டிக்காதே! அது உன் அப்பா ஓவர்டைம் பார்த்துச் சேர்த்த காசு. அதோடு, கேட்கும் உரிமையையும் சேர்த்தல்லவா தாரை வார்க்கிறாய்!

நீ யார் வீட்டுப் பிள்ளை? இந்தியும் மராத்தியும் தெரியாமல் தாதரில் ரயிலிறங்கி, டைப்பிங்கையும் சுருக்கெழுத்தையும் கைமுதலாக வைத்துக் காலூன்றியவர்களின் வாரிசு. 1932-லேயே சவுத் இந்தியன் எஜுகேஷன் சொசைட்டியைத் தொடங்கிப் பிள்ளைகளுக்குப் பள்ளி கண்டவர்களின் வாரிசு. ஸ்டேஷன் பக்கத்துப் பூக்கடைகளைப் போய்ப் பார். மல்லிகையை முழம் போட்டபடியே ஒருவருக்கு மராத்தியிலும் அடுத்தவருக்கு குஜராத்தியிலும் விலை சொல்கிறார்கள். முகூர்த்தம் தள்ளிப்போய் மாலை ஆர்டரை நிறுத்த வருகிறவரிடம், அட்வான்ஸில் எவ்வளவு திரும்பும் என்பதையும் அந்த மொழியிலேயே பேசி முடிக்கிறார்கள். இலக்கணம் முடித்துவிட்டா வாய் திறந்தார்கள்? வாய் திறந்தார்கள், மொழி வந்தது!

போர்ச்சுகீஸ் நமக்குப் புதிதா என்ன? 1534-ல் போர்ச்சுகீசியர் கைக்குப் போன பம்பாய்த் தீவுகள், 1661-ல் அந்நாட்டு இளவரசி கேத்தரினின் சீதனமாக ஆங்கிலேயருக்குப் பேசப்படும்வரை அவர்களிடமே இருந்தன. போர்ச்சுகீஸ் சர்ச் பக்கத்துத் தாதரில் இன்றும் நிற்கிறது. 1554-ல் லிஸ்பனில், தமிழும் போர்ச்சுகீசும் சேர்ந்த 'கார்தில்யா' என்ற ஜெபநூல் அச்சேறியது. அதற்கு உழைத்த மூவர் தமிழர்கள். தமிழ்–போர்ச்சுகீஸ் அகராதி அச்சாக அதற்குப் பிறகு நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. அகராதியில்லாமல் அவர்கள் புத்தகமே போட்டார்கள். கையில் செல்போன் வைத்திருக்கும் நீ ஒரு போன் பேசமாட்டாயா?

எடு பேனாவை, எழுதிக்கொள். "கெரீயா கன்ஸெலார் அ மீஞா ரிஸெர்வா": என் புக்கிங்கை ரத்து செய்ய வேண்டும். "ஆ தாஷா த கன்ஸெலமென்து?": ரத்துக் கட்டணம் உண்டா? அவர் வேகமாகப் பேசினால், "மைஷ் தெவகார், பொர் ஃபவோர்": கொஞ்சம் மெதுவாக. ரத்தானதை "பொர் இஷ்க்ரீத்து", அதாவது எழுத்தில் அனுப்பச் சொல். கடைசியில் நன்றி: ஆண் "ஒப்ரிகாது" என்பான், பெண் "ஒப்ரிகாதா" என்பாள். கண்ணாடி முன் நின்று உரக்கச் சொல். இன்னொரு முறை சொல்!

துணிச்சலோடு விவரமும் வேண்டும். ஐரோப்பாவில் ஆன்லைனில் வாங்கிய பொருளை 14 நாளுக்குள் வேண்டாமென்று சொல்ல உரிமை உண்டு. குறிப்பிட்ட தேதிக்குப் போட்ட ஹோட்டல் அறைக்கு அது செல்லாது. அங்கே நிபந்தனைதான் பேசும். 'கன்ஸெலமென்து க்ரத்தூய்து' என்றிருந்தால் இலவச ரத்து. ஆனால் எந்தத் தேதி, எத்தனை மணிவரை என்று பார். லிஸ்பன் கடிகாரம் நமக்குக் குளிர்காலத்தில் ஐந்தரை மணி, கோடையில் நாலரை மணி பின்னால் ஓடுகிறது. நிபந்தனை இருக்கும் பக்கத்தைப் போட்டோ எடுத்து வை.

நியாயம் உன் பக்கம் இருந்தும் கைவிரிக்கிறார்களா? நிமிர்ந்து நில்! போர்ச்சுகலில் ஹோட்டலானாலும் சாப்பாட்டுக் கடையானாலும் புகார்ப் புத்தகம் வைத்தே ஆகவேண்டும்; கேட்டால் கொடுத்தே ஆகவேண்டும். 2005-ல் வந்த சட்டம் அது. "லிவ்ரு த ரெக்லமசோய்ஷ்" என்று கேள். 2017 முதல் அது ஆன்லைனிலும் உண்டு. மாட்டுங்காவில் உட்கார்ந்தபடியே எழுதலாம். அந்த ஊர்க்காரனுக்கு அந்தச் சட்டம் தரும் கதவு உனக்கும் திறந்திருக்கிறது. தட்டவேண்டியது நீ!

உச்சரிப்பு பிசகட்டும், பரவாயில்லை. நாலு பேர் சிரிக்கட்டும், சிரித்துவிட்டுப் போகட்டும். இன்று ஹோட்டலிடம் கேட்கத் துணிந்தவன் நாளை வங்கியில் கேட்பான், மறுநாள் முதலாளியிடம் சம்பள உயர்வு கேட்பான். கூச்சம் இதுவரை யாருக்கும் ஒரு ரூபாயைத் திருப்பி வாங்கித் தந்ததில்லை. நீ கேள்! தலை நிமிர்ந்து, குரல் உயர்த்தி, உனக்கு உரியதைக் கேட்டு வாங்கு!