குடலில் வாழும் உயிர்களும் கொல்லாமை அறமும்

சென்ற கோடை விடுமுறைக்கு வந்திருந்த என் பேத்தி ஒன்பதாம் வகுப்பு மாணவி. ஒரு மாலை உணவுக்குப் பின் அவள் வினவினாள்: “பாட்டி, நீரை வடிகட்டிப் பருகுகிறோம், பொழுது சாயுமுன் உண்கிறோம். ஆனால் நம் குடலுக்குள்ளே கோடி கோடியாகப் பாக்டீரியாக்கள் பிறந்து மடிகின்றனவே! அப்படியானால் கொல்லாமை இயலக்கூடிய அறம்தானா?”

35 ஆண்டுகள் ஆசிரியப் பணி புரிந்த எனக்கு உடனே விடை கூற இயலவில்லை. “கிருமி என்றாலே பகை” என்று மாணவர்க்குக் கற்பித்தவள் நான். ஆகவே முதலில் நானே கற்கலானேன்.

1885ஆம் ஆண்டில் ஜெர்மனியின் மியூனிக் நகரில் தியோடர் எஷெரிக் என்னும் குழந்தை மருத்துவர், நோயற்ற குழந்தைகளின் குடலிலும் பாக்டீரியாக்கள் குடியிருப்பதை எடுத்துக் காட்டினார். பிறந்த சில நாட்களுக்குள்ளேயே அவை குடியேறிவிடுகின்றன. தாய்ப்பாலில் குழந்தையால் செரிக்க இயலாத சில சர்க்கரைகள் உள்ளன. குழந்தையின் குடலில் வாழும் பிஃபிடோபாக்டீரியா போன்றவற்றுக்கு அவையே உணவு. தாய் தன் மகவுக்கு மட்டுமன்றி, அதன் துணையுயிர்களுக்கும் சேர்த்தே பாலூட்டுகிறாள்!

பெருங்குடலில் ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 10,000 கோடி பாக்டீரியாக்கள் இருக்கக்கூடும். நலமுள்ளோரின் சிறுகுடலின் மேற்பகுதியிலோ ஒரு மில்லி லிட்டருக்குப் பெரும்பாலும் சில ஆயிரமே. இரைப்பை அமிலமும், பித்தநீரும், குடலின் ஓயாத அசைவும் அவற்றை மிகவிடாமல் தடுக்கின்றன. இக்காவல் தளர்ந்து அவை பெருகினால் வயிற்றுப்போக்கும் சத்துக் குறைவும் உண்டாகும். ஆகவே எண்ணிக்கையும் இடமும் பொறுத்தே அவை நட்பாகவும் பகையாகவும் அமைகின்றன.

நமக்கு அண்மையிலுள்ள வேலூரிலும் இத்துறையில் சிறந்த ஆய்வுகள் நடந்துள்ளன. தென்னிந்தியரின் சிறுகுடலில் வாழும் சில பாக்டீரியாக்கள் பி12 வைட்டமினை உண்டாக்க வல்லவை என்று 1980ஆம் ஆண்டில் ஆல்பர்ட், மாத்தன், பேக்கர் ஆகியோர் வெளியிட்டனர். புலால் உண்ணாத நமக்கு இச்செய்தி வியப்பூட்டுவது. எனினும் அதனை நம்பி அந்தச் சத்தைப் புறக்கணித்தல் தகாது. குறைவு நேர்ந்தால் மருத்துவர் சொற்படி நடத்தலே முறை.

நம் ஆகமங்கள் கூறும் நிகோத உயிர்களே இவை என்று நான் துணிந்து சொல்லேன். ஆனால் பேத்தியின் வினாவுக்குரிய விடை நம் அறநூல்களில் உண்டு. உயிர் மடிந்தது என்ற அளவில் மட்டும் ஹிம்சை அமைவதில்லை. கருத்துடனோ, பிரமாதம் என்னும் அசட்டையினாலோ ஊறு செய்வதே ஹிம்சை. நம் விருப்பமின்றி இரைப்பை அமிலத்தில் மடியும் உயிர்க்கு நாம் கொலையாளர் அல்லோம். அசட்டையால் மடிவிக்கும் உயிர்க்கோ விடை சொல்லக் கடமைப்பட்டுள்ளோம்.

இதனை எழுதும்போது என் பிழையொன்று நினைவில் உறுத்துகிறது. சில ஆண்டுகளுக்கு முன் பேரனுக்குச் சளிக்காய்ச்சல் கண்டது. “இது வைரஸால் வந்தது, ஆன்டிபயாடிக் வேண்டா, ஓய்வே போதும்” என்றார் மருத்துவர். நான் பொறுக்கவில்லை. பழைய சீட்டைக் காட்டி மருந்து வாங்கிக் கொடுத்தேன். மூன்றாம் நாள் வயிற்றுப்போக்கால் குழந்தை வாடினான். குடலின் நல்ல பாக்டீரியாக்களையும் அம்மருந்து அழித்திருக்கலாம் என்றார் அம்மருத்துவர். நீரை வடிகட்டும் என் கை, ஆராயாமல் அந்த மருந்தை ஊட்டியது.

மருந்தே கூடாது என்று நான் கூறவில்லை. நுரையீரல் அழற்சியோ, குருதியில் நச்சேற்றமோ பாக்டீரியாவால் நேர்ந்தால் ஆன்டிபயாடிக் உயிர் காக்கும்; அப்போது அதனை மறுப்பது குழந்தைக்கே ஹிம்சையாகும். கை கழுவுதலும், தூய நீர் பருகுதலும் என்றும் கைவிடத்தக்கன அல்ல. மருத்துவர் வேண்டா என்ற மருந்தை வற்புறுத்திப் பெறாதீர்கள். பழைய சீட்டைக் கொண்டு கடையில் வாங்காதீர்கள். தாய்மார்களையும் என் போன்ற பாட்டிமார்களையும் நான் வேண்டுவது இவ்வளவே.

பேத்திக்கு இவற்றையெல்லாம் கடிதமாக எழுதியனுப்பினேன். “அப்படியானால் இயலும், பாட்டி, ஆனால் எளிதன்று” என்று மறுமொழி வந்தது. அதற்குமேல் அவளுக்குக் கற்பிக்க என்னிடம் ஒன்றுமில்லை.