இடைகழியில் ஓர் இடம்

திருக்கோவலூரில் ஒரு மழையிரவில் நிகழ்ந்த வரலாற்றைத் திருநாள் சேவிக்க வரும் அடியார் அனைவரும் அறிவர். ஒருவர் படுக்கவும், இருவர் அமரவும், மூவர் நிற்கவும் மட்டுமே இடமிருந்த இடைகழியில் முதலாழ்வார் மூவரும் ஒதுங்கி நின்று ஒருவருக்கொருவர் இடமளித்தனர். அதன் பின்னரே எம்பெருமான் அவர்களிடையே புகுந்து நெருக்கி, தன்னைக் காட்டிக்கொடுத்தருளினான். பிறர்க்கு இடம் கொடுத்த உள்ளத்திற்கே அவன் காட்சி கிட்டுகிறது என்பது இதன் உட்பொருள். சித்தம் கலங்கிய ஒருவன் வாசலில் வந்து நிற்குங்கால் இவ்வுட்பொருள் நினைவிற்கு வருகின்றதா? அவனைத் தாங்கும் கடமை யாருடையது? இவை ஆராயத்தக்க வினாக்கள்.

இவ்வினாவிற்கு விடையாகவே ஓர் ஊர் பல நூற்றாண்டுகள் வாழ்ந்து காட்டியுள்ளது. பெல்ஜியம் நாட்டின் ஆண்ட்வெர்ப் மாகாணத்திலுள்ள கீல் என்பதே அவ்வூர். டிம்ப்னா என்னும் அயர்லாந்து அரசகுமாரி, மனைவியை இழந்த துயரால் மதி மயங்கிய தன் தந்தையின் கையாலேயே அங்கு உயிர்நீத்தாள் என்பது அத்தலத்தின் புராணம். அது பற்றி மனநோயுற்றோர் அங்கு யாத்திரையாக அழைத்து வரப்பெற்றனர். தேவாலயத்தை ஒட்டிய கூடத்தில் ஒன்பது நாள் தங்கி வழிபடுவது முறை. கூட்டம் பெருகி அங்கே இடம் போதாதபோது, ஊரார் தத்தம் இல்லங்களின் கதவைத் திறந்துவிட்டனர். குணம் காணாதோர் சிலர் அவ்வில்லங்களிலேயே ஆயுள் முழுதும் தங்கினர்.

அங்கு அவர்களை நோயாளி என்று அழைப்பதில்லை; இல்லத்தில் உண்டு உறைபவர் என்றே அழைப்பர். குடும்பத்தாரோடு ஒரே மேசையில் உண்டு, வயலிலும் அடுக்களையிலும் இயன்ற பணியைச் செய்து அவர்கள் வாழ்ந்தனர். 1850-ஆம் ஆண்டு அரசு பொறுப்பேற்றபின் மருத்துவ மேற்பார்வையும் சேர்ந்தது. 1930-களின் இறுதியில் 3,700-க்கும் மேற்பட்டோர் இங்ஙனம் வாழ்ந்தனர். இன்று அத்தொகை மிகச் சுருங்கிவிட்டது, முறையோ அறுபடவில்லை. 2023-ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் இதனைப் போற்றிக் காக்கத்தக்க நன்முறைகளுள் ஒன்றாகப் பதிவு செய்தது.

இக்குடும்பங்கள் உதவித்தொகை பெறுகின்றனவே, அது தர்மமாகுமா என்று ஐயுறலாம். தொகை உணவிற்கு ஈடாகலாம். நள்ளிரவில் அஞ்சி எழுந்தவன் அருகே அமர்ந்திருப்பதற்கு எத்தொகை ஈடாகும்? பெற்றோர் மறைந்தபின் அவர்தம் மக்கள் அவரைத் தொடர்ந்து பேணியதும் அவ்வூரில் உண்டு.

இத்தகைய வழக்கம் நம் நாட்டிற்கும் புதிதன்று. திருச்சிராப்பள்ளிக்கு அருகே காவிரிக் கரையில் குணசீலம் பிரஸன்ன வேங்கடாசலபதி ஸந்நிதியில், சித்தம் கலங்கியோர் 48 நாள் தங்கி வழிபட்டுத் தீர்த்தம் தெளிக்கப்பெறுகின்றனர். நாடும் சமயமும் வேறாயினும், கலங்கியவனையும் சேர்த்துக்கொள்ளும் இடமே திருத்தலம் என்னும் கருத்து ஒன்றே. தீர்த்தத்தை நம்புவோர் மருந்தை விலக்க வேண்டுவதில்லை. உன்மாத ரோகத்திற்குச் சிகிச்சை கூறும் சரக ஸம்ஹிதையும் ஔஷதங்களோடு, அன்புடையோர் நற்சொல்லால் தேற்றுதலையும் சேர்த்தே வைத்துள்ளது.

ஆயினும், தங்க வைத்தல் வேறு, கட்டி வைத்தல் வேறு. 2001-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6-ஆம் நாள் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் ஓடவும் இயலாது மாண்டனர். நம்பி ஒப்படைத்த உறவினரும், கண்டும் காணாது சென்ற உலகோரும் இதற்கு விடை கூற வேண்டாவோ? மனநோயுற்றோரை எவ்விதத்திலும் சங்கிலியிடலாகாது என்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் விதித்துள்ளது. சட்டம் சங்கிலியை அகற்றலாம். அருகே அமர்த்திச் சோறிடுவது மனிதரால் மட்டுமே ஆகும்.

'அவன் வினையை அவன் அனுபவிக்கிறான்' என்று சொல்லி ஒதுங்குவோர் உளர். இது சாஸ்திரத்தைப் பாதி கற்றதன் விளைவு. அவனுடைய துயரம் அவன் பழவினை என்றே கொள்ளினும், அத்துயரைக் கண்டவன் செய்வதும் செய்யாததும் கண்டவனுடைய புதுவினையாகும். பிறர் வினையைக் கணக்கிட எவர்க்கும் அதிகாரமில்லை. தன் வினையைத் திருத்தவோ அனைவர்க்கும் அதிகாரமுண்டு.

எம்பெருமான் கருவறையை விட்டுத் திருவீதி எழுந்தருள்வது, ஸந்நிதிக்கு வர இயலாதோர்க்கும் காட்சி தரவே என்பர் பெரியோர். ஆனால், அவன் வீதியில் எழுந்தருளும் அந்நாளிலும், பிறர் நகைப்பரே என்னும் நாணத்தால் உள்ளறையில் அடைத்து வைக்கப்பட்டிருப்போர் எத்தனை பேர்! வீட்டார் நாணுவது வீதியாரின் பார்வைக்கு அஞ்சியே. ஆதலின் அக்கதவைத் திறக்கும் பொறுப்பில் பாதி, வீதியில் நிற்போருடையது. கூட்டத்தில் ஒருவன் தனக்குத்தானே பேசிக்கொண்டு நிற்பின், நகையாது சற்றே ஒதுங்கி அவனுக்கும் இடமளிப்போர், அன்று இடைகழியில் நின்றோரின் வழியில் நிற்பவராவர்.